விவேகத்தின் போர்வையில் அச்சம்

யாரையும் எளிதில் நம்பிவிடாதே என்பது நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரைகளுள் ஒன்று. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பதும், சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பதும் நம் முன்னோர் பட்டறிந்து சொன்னவை. அவற்றில் உண்மை உண்டு. ஏமாற்றுவோரும் ஏமாறுவோரும் நிறைந்த உலகில் எச்சரிக்கையின்றி வாழ்வது அறிவுடைமை ஆகாது. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. எச்சரிக்கை எதுவரை நற்பண்பு? எந்த எல்லையைக் கடந்தபின் அது குறையாக மாறுகின்றது? பயிரைக் காக்க எழுப்பிய வேலி, வெயிலும் காற்றும் உட்புகாத மதிலாக உயர்ந்துவிட்டால், பயிர் யாரால் அழிந்தது என்று சொல்வது? இவ்வினாவைத் திருவிவிலியத்தின் ஒளியிலும் திருச்சபை அறிஞர்களின் துணையோடும் சிறிது சிந்திப்போம்.

நாம் காணும் இல்லங்கள்

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் பங்குப் பணியாளர்களாகிய எங்களுக்கு இது ஏட்டளவிலான வினா அன்று. பாகப்பிரிவினையின்போது தடித்துவிட்ட ஒரு சொல்லுக்காக, ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பேசாமல் வாழும் அண்ணன் தம்பியர் எந்தப் பங்கில்தான் இல்லை? முதலில் போய்ப் பேசினால் தவறு தன்னுடையது என்று ஆகிவிடுமே என்று இருவருமே காத்திருக்கிறார்கள். நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்திட்டுக் கடனைச் சுமந்த ஒருவர், அன்று முதல் எவருக்கும் பணத்தை மட்டுமல்ல, மனத்தையும் கொடுப்பதில்லை. அரிசி விலை, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் வீட்டுத் திருமணம் என அனைத்தையும் பேசும் கணவனும் மனைவியும், தங்கள் இருவரையும் வாட்டும் அந்த ஒன்றை மட்டும் இருபது ஆண்டுகளாகத் தொடாமலே வாழ்கிறார்கள். பெற்றோரின் ஓயாத சண்டையைப் பார்த்து வளர்ந்த மகள், நல்ல வரன் வந்தபோதும் திருமணமே வேண்டாம் என்கிறாள்.

இவர்களுள் எவரும் தீயவர் அல்லர். பலர் நாள்தோறும் திருப்பலிக்கு வருபவர்கள். அஞ்சுகிறேன் என்று இவர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. "எதற்கு வீண் வம்பு?" என்கிறார்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்கிறார்கள். "நேரம் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். அச்சம் தன் சொந்தப் பெயரோடு நம் வாயிலுக்கு வருவதில்லை. விவேகம் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டே வருகின்றது. ஆதலால்தான் அதனை நாம் விருந்தாளியாக ஏற்று, வீட்டின் நடுவே அமர்த்திவிடுகிறோம்.

திருவிவிலியத்தில் அச்சம் முதன்முதலாகப் பேசப்படும் இடத்தை நோக்குவோம். தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாம், கடவுளின் குரல் கேட்டு அஞ்சியதாகவும், அதனால் ஒளிந்துகொண்டதாகவும் கூறுகின்றான். கடவுள் மேலும் வினவியதும் மனைவியைக் கைகாட்டுகின்றான். அச்சம், ஒளிதல், பழிசுமத்தல் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உறவு முறிந்த இடத்தில்தான் அச்சம் பிறந்தது. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. ஒளிந்துகொண்டவன் மனிதன், தேடி வந்து, எங்கே இருக்கின்றாய் என்று கேட்டவர் கடவுள். முதல் அடியை எடுத்து வைத்தவர் குற்றம் இழைத்தவர் அல்லர், குற்றத்தால் புண்பட்டவர்.

மண்ணில் புதைந்த தாலந்து

மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய தாலந்து உவமையை நாம் அறிவோம். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்பது திராட்சைத் தோட்டப் பணியாளர் உவமையிலிருந்து விளங்கும். ஆகவே, மூவருள் மிகக் குறைவாகப் பெற்ற பணியாளனின் கையிலும் ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பின் மதிப்பு இருந்தது.

அவன் அதனைத் திருடவில்லை, சூதாடவில்லை, குடித்துத் தொலைக்கவில்லை. நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைத்தான். பணத்தை மண்ணில் புதைப்பதே பாதுகாப்பான காவல் என்னும் கருத்து யூதரின் தால்முத் நூலிலும் காணப்படுகின்றது. எனவே, அன்றைய மக்களின் பார்வையில் அவன் செய்தது குற்றம் காண இயலாத செயல். அப்படியிருக்க, அவன் கண்டனத்துக்கு உள்ளானது ஏன்?

விடை அவனுடைய வாய்மொழியிலேயே உள்ளது. தலைவர் கடின உள்ளம் கொண்டவர் என்று தான் அறிந்திருந்ததாகவும், ஆகவே அஞ்சியதாகவும் அவன் கூறுகின்றான். ஆனால் உண்மையில் அத்தலைவர் செய்தது என்ன? தம் உடைமைகளைப் பணியாளர் கையில் ஒப்படைத்துவிட்டு நெடும்பயணம் போனார். நம்பியவர் அவர், நம்ப மறுத்தவன் பணியாளன். கையில் கிடந்த தாலந்தே தலைவரின் நம்பிக்கைக்குச் சான்றாக இருந்தும், அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. அச்சம் நம் கைகளைக் கட்டுவதற்கு முன்பே நம் கண்களைக் கட்டிவிடுகின்றது. எதிரே இருப்பவரின் முகத்தை அது திரித்துக் காட்டுகின்றது. திரிந்த முகத்தைப் பார்த்து நாம் மேலும் அஞ்சுகிறோம்.

இவ்வுவமையை நம் திறமைகளுக்கு மட்டும் பொருத்திப் பார்ப்பது வழக்கம். அன்பும் ஒரு தாலந்து அன்றோ! கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் மீண்டும் மீண்டும் காணும் காட்சி ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த தம்பி, பெட்டியை மூடும் வேளையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, அண்ணனின் கால்களைப் பற்றிக் கதறுகின்றான். அந்த அழுகையில் பொய் இல்லை. அவ்வளவு அன்பும் அத்தனை ஆண்டுகளும் அவனுக்குள்ளேதான் இருந்தது. கெடாமல் இருந்தது, குறையாமல் இருந்தது, மிகப் பத்திரமாக இருந்தது. எவருக்கும் பயன்படாமல் இருந்தது. அண்ணன் உயிரோடிருந்தபோது அதனை ஒரு நாளும் கண்டதில்லை.

விவேகம் என்பது யாது?

அப்படியானால் எச்சரிக்கையே தவறா என்று கேட்கலாம். இங்கே 13-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் புனித தோமா அக்குவினார் நமக்குத் துணை நிற்கின்றார். நான்கு தலையான நற்பண்புகளுள் விவேகத்தை அவர் முதலிடத்தில் வைக்கின்றார். விவேகத்திற்கு மூன்று செயல்கள் உண்டு என்பது அவருடைய விளக்கம். முதலாவது, ஆராய்தல், இரண்டாவது, தீர்மானித்தல், மூன்றாவது, தீர்மானித்ததைச் செய்யுமாறு கட்டளையிடுதல். இம்மூன்றுள் தலையானது மூன்றாவதே என்கின்றார். ஆராய்வதில் நிதானமும், ஆராய்ந்தபின் செய்வதில் விரைவும் வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்தும் கருத்து.

இது நம் வழக்கமான எண்ணத்தைத் தலைகீழாக்குகின்றது. தயங்கி நிற்பவனையே விவேகி என்று நாம் கருதுகிறோம். தோமாவின் அளவுகோலின்படி, ஆராய்ந்துகொண்டே இருந்து ஒருநாளும் அடியெடுத்து வைக்காதவன் விவேகத்தின் வாயிற்படியில் நிற்பவனே அன்றி உள்ளே நுழைந்தவன் அல்லன். முடிவுக்கு வராத எச்சரிக்கை விவேகம் ஆகாது.

நம் வள்ளுவரும் இதனை அறிந்திருந்தார். அரசன் வினைசெய்வாரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறும் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, ஆராயாமல் ஒருவரை நம்புவது, ஆராய்ந்து நம்பியவரிடத்தே பின்பு ஐயம் கொள்வது ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்கின்றார். முதற்பகுதியை நம் பிள்ளைகளுக்குத் தவறாமல் கற்பிக்கிறோம். பிற்பகுதியை மறந்துவிடுகிறோம். நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்த மனைவியிடம் வங்கிக் கணக்கை மறைப்பவரும், வளர்ந்து ஆளான மகனின் ஒவ்வொரு சொல்லையும் ஐயுறும் தந்தையும் அந்தப் பிற்பகுதியையே படிக்க வேண்டியவர்கள்.

பர்னபா நீட்டிய கை

திருத்தூதர் பணிகள் நூலில் இவ்வுண்மைக்கு உயிருள்ள சான்று ஒன்று உண்டு. வீடு வீடாகப் புகுந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துச் சென்று சிறையில் அடைத்தவர் சவுல். ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோது உடன்பட்டு நின்றவர். தமஸ்கு வழியில் ஆண்டவரைக் கண்டபின் அவர் எருசலேமுக்கு வந்து சீடரோடு சேர்ந்துகொள்ள முயன்றார். எல்லாரும் அவரைக் கண்டு அஞ்சினர்; அவர் சீடர் என்பதை நம்பவில்லை. அவ்வச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை. அவர் ஒற்றராக இருந்தால்? கூடியிருப்போர் அனைவரின் உயிரும் அல்லவா போகும்?

அந்நிலையில் ஒருவர் மட்டும் சவுலைக் கைப்பிடித்துத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்றார். அவர் சைப்பிரசு தீவைச் சேர்ந்த லேவியர் யோசேப்பு. திருத்தூதர் அவருக்கு இட்ட பெயர் பர்னபா. சவுல் வழியில் ஆண்டவரைக் கண்டதையும், தமஸ்குவில் துணிவுடன் போதித்ததையும் பர்னபா அவர்களுக்கு எடுத்துரைத்தார். இதிலிருந்து ஒன்று தெரிகின்றது. எடுத்துரைக்கும் அளவுக்கு அவர் சவுலின் கதையை அறிந்து வைத்திருந்தார். மற்றவர்கள் சவுலைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு நின்றார்கள். பர்னபா கேட்டு அறிந்தார். அதன்பின் தம் நற்பெயரையே சவுலுக்கு ஜாமீனாக வைத்தார். ஆராய்ந்தார், தீர்மானித்தார், செய்தார். பின்னர் அந்தியோக்கியாவில் பணி பெருகியபோது, தர்சு நகருக்கே சென்று சவுலைத் தேடி அழைத்து வந்தவரும் அவரே.

கதை இத்துடன் முடியவில்லை. முதல் தூதுரைப் பயணத்தில் உடன் சென்ற இளைஞர் மாற்கு, பம்பிலியாவில் அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்திற்கு அவரை மீண்டும் அழைத்துச் செல்லப் பர்னபா விரும்பினார். பவுல் மறுத்தார். ஒரு காலத்தில் எவரும் நம்ப மறுத்த மனிதர், நம்பிக்கை ஒன்றினாலேயே திருச்சபைக்குள் கைப்பிடித்து அழைத்து வரப்பட்டவர், இப்பொழுது இன்னொருவரை நம்ப மறுத்தார்! கடும் வாக்குவாதம் எழுந்து, இருவரும் பிரிந்தனர். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். பவுலுக்கும் காரணம் இருந்தது. ஆபத்தான பயணத்தில் பாதியில் விட்டுப்போகும் துணையை யார் விரும்புவார்? நூலாசிரியர் லூக்கா எவர் பக்கமும் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் இறுதியில், மாற்குவை அழைத்து வருமாறும், அவர் தம் பணிக்குப் பயனுள்ளவர் என்றும் பவுல் எழுதுவதைக் காண்கிறோம். பர்னபா காத்திருந்து வளர்த்த மாற்குவையே பவுல் இறுதியில் தேடுகின்றார். நற்செய்தி நூல்களுள் ஒன்று அம்மாற்குவின் பெயரையே தாங்கி நிற்கின்றது என்பது திருச்சபையின் மரபு.

இத்தகைய பர்னபாவும் ஒருமுறை அச்சத்துக்கு ஆட்பட்டார் என்பதைக் கலாத்தியர் திருமுகம் மறைக்கவில்லை. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் அவ்வெளிவேடத்தில் இழுபட்டுப் போனார். அன்று அந்தியோக்கியாவில் நடந்தது நமக்கு அயலானதா? நகரத்தில் நண்பனின் வீட்டில் மகிழ்ந்து உண்பவர், ஊரிலுள்ள தம் வீட்டுக்கு அவனை அழைக்கத் தயங்குகின்றார். ஏன் என்று கேட்டால், தனக்கு ஒன்றுமில்லை, வீட்டுப் பெரியவர்களும் ஊராரும்தான் என்கின்றார். ஒரே கிண்ணத்தின் திருவிருந்தில் பங்குகொள்வோர், சில ஊர்களில் கல்லறையில்கூடச் சாதியால் பிரிந்து கிடக்கின்றனர். இதன் வேர் அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அநீதியை வெறுக்கும் நல்லவர்களும் வாய் திறவாதிருக்கின்றார்களே, அதற்குக் காரணம் அந்த நாலு பேர் பற்றிய அச்சமே. அந்தியோக்கியாவில் பவுல் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று பேசினார். நம் பந்திகளில் எழுந்து நிற்பவர் யார்?

துணிவு வேறு, கண்மூடித்தனம் வேறு

இவ்வாறு கூறுவதால், கதவுகள் அனைத்தையும் எவருக்கும் திறந்து வைக்கச் சொல்வதாக எவரும் எண்ணவேண்டா. யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், தம் அரும் அடையாளங்களைக் கண்டு நம்பிய கூட்டத்திடம் இயேசு தம்மை ஒப்படைத்துவிடவில்லை என்று வாசிக்கிறோம். மனித உள்ளத்தை அவர் அறிந்திருந்தார். அதே நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், தம்மைக் காட்டிக்கொடுப்பவன் யார் என அறிந்திருந்தும் அவனுடைய காலடிகளையும் கழுவினார். முதலாவது விவேகம். இரண்டாவது அன்பின் துணிவு. இரண்டும் ஒரே உள்ளத்தில் முரணின்றி வாழ்ந்தன.

1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார். 1983 டிசம்பர் 27 அன்று அவர் உரோமைச் சிறைக்குச் சென்று, தம்மைச் சுட்ட மனிதரின் அருகே நாற்காலியில் அமர்ந்து தனியே உரையாடினார். வெளியில் மக்கள் நடுவே செல்லும்போது குண்டு துளைக்காத கண்ணாடி அவரைச் சூழ்ந்திருந்தது. அக்கண்ணாடியை அவர் வேண்டாம் என்று உடைத்தெறியவில்லை. ஆனால் அந்தச் சிறை அறைக்குள் அதனைக் கொண்டு செல்லவும் இல்லை. எங்கே கண்ணாடி வேண்டும், எங்கே வேண்டா என்று அறிவதே கிறிஸ்தவ விவேகம்.

ஆகவே, குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் அஞ்சாமல் திரும்பிப் போ என்று ஒரு பெண்ணிடம் சொல்வது விசுவாசம் அன்று, கொடுமை. மன்னிப்பு கடமை; அடிவாங்குவது கடமை அன்று. குழந்தைகளின் பாதுகாப்பில் அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று ஒன்று இல்லை. திருச்சபையே இதனைக் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், அருள்பணியாளர்களும் துறவியரும் இத்தகைய குற்றங்களை அறியவரும்போது முறையிடுவதைக் கடமையாக்கியது. வலுவற்றவரைக் காக்கும் எச்சரிக்கை அன்பின் ஒரு வடிவம். நம் கண்டனத்துக்கு உரியது, நம் தன்மானத்தையும் நம் அமைதியையும் மட்டும் காக்கும் எச்சரிக்கை. யாரைக் காக்க இந்த மதில் என்று கேட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.

விசுவாசம் தருவது என்ன?

கடவுளை நம்பினால் எவரும் நம்மைப் புண்படுத்தமாட்டார்கள் என்று விசுவாசம் வாக்களிப்பதில்லை. புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் நான்காம் பகுதியில், இளமையில் தம் சொந்த ஊரான தகாஸ்தேயில் உயிர்நண்பன் ஒருவன் காய்ச்சலால் இறந்ததை விவரிக்கின்றார். பார்த்த இடமெல்லாம் நண்பனின் இன்மையே தெரிந்ததால், அவ்வூரையே விட்டுக் கார்த்தேஜ் நகருக்குச் சென்றுவிட்டார். இறக்கப்போகின்ற ஒருவரை இறவாதவர்போல் அன்பு செய்ததே தம் துயரின் வேர் என்று பின்னாளில் உணர்ந்தார்.

ஆயினும் அதிலிருந்து அவர் பெற்ற முடிவு, இனி எவரையும் நேசிப்பதில்லை என்பது அன்று. நண்பரைக் கடவுளில் நேசிப்பவன் அவரை இழப்பதில்லை என்பதே. ஹிப்போ நகரின் ஆயராகித் தோழர்களோடு குழுவாழ்வு வாழ்ந்தார். முதுமையில் எழுதிய 'கடவுளின் நகர்' நூலில், நண்பர்கள் பெருகப் பெருக அவர்களுக்காக நாம் கொள்ளும் கவலையும் பெருகும் என்று ஒப்புக்கொள்கின்றார். அக்கவலை வேண்டாம் என்பவர் நட்பையே வேண்டாம் என்று சொல்ல நேரிடும் என்பதும் அவர் கருத்து. அன்பு செய்பவனுக்கு வலி உறுதி. அந்த வலி தாங்கப்படும் என்பதும் உறுதி. விசுவாசம் தருவது இந்த இரண்டாம் உறுதியையே.

நிறைவான அன்பு அச்சத்தை வெளியேற்றும் என்கின்றது யோவானின் முதல் திருமுகம். அச்சத்தை விரட்டுவது வீரம் என்று அங்கே சொல்லப்படவில்லை; அன்பு என்றே சொல்லப்படுகின்றது. அதுவும் நாம் முயன்று உண்டாக்கும் அன்பு அன்று. முதலில் நம்மை அன்பு செய்தவர் அவர். தான் அன்பு செய்யப்பட்டதை அறிந்தவனே துணிந்து அன்பு செய்வான். தலைவரின் நம்பிக்கையைக் கண்டுகொண்ட பணியாளர் இருவரும் துணிந்து வாணிகம் செய்தார்கள் அல்லவா?

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை என்பதும் நமக்கு ஆறுதல். உயிர்த்த ஆண்டவர் முதல் நாள் மாலையில், பூட்டிய கதவுகளுக்குள் அஞ்சி இருந்த சீடர் நடுவே வந்து நின்றார். அவர்கள் மகிழ்ந்தார்கள். எட்டு நாளுக்குப் பின் மீண்டும் அவர் வந்தபோதும் கதவுகள் பூட்டியே இருந்தன என்று யோவான் குறிப்பிடுகின்றார்! உயிர்ப்பைக் கண்ணால் கண்டவர்களுக்கே தாழ்ப்பாளை நீக்க நாள் பிடித்தது. ஆண்டவர் அதற்காகச் சினக்கவில்லை, மறுபடியும் வந்தார். வந்தவர் தம் காயங்களை மறைக்கவில்லை, காட்டினார். நண்பர்களால் கைவிடப்பட்டதன் தழும்புகளை, கைவிட்ட நண்பர்களிடமே காட்டி, அமைதி கூறினார். காயப்பட்டவர் வாழமுடியும், வாழ்ந்து மீண்டும் அன்பு செய்யமுடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

முதல் அடி

ஞாயிறு திருப்பலியில், நற்கருணை உட்கொள்ளும் முன் அமைதியைப் பகிர்ந்துகொள்ள அழைக்கப்படுகிறோம். முன்னும் பின்னும் இருப்போர்க்குக் கைகூப்புகிறோம். ஆனால் நாம் அமைதி கூறவேண்டிய அந்த ஒருவர் பெரும்பாலும் கோவிலின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கின்றார். அவர் எங்கே அமர்வார் என்பதை அறிந்தே நாம் இப்பக்கம் அமர்கிறோம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சென்று உடன்பிறப்போடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் பணித்தார். குற்றம் யாருடையது என்று தீர்த்துவிட்டுச் செல்லுமாறு அவர் கூறவில்லை. செல்லுமாறு மட்டுமே கூறினார்.

பெரிய சமாதானக் கூட்டங்கள் தேவையில்லை. தம்பி பேத்தியின் பூப்பு நன்னீராட்டுக்கு அழைக்காமலே போய் நிற்கலாம். மருத்துவமனையில் கிடக்கும் அண்ணனுக்கு ஒரு குவளைக் கஞ்சி எடுத்துச் செல்லலாம். மனைவியிடம், அந்த ஒன்றைப் பற்றி இன்று பேசுவோமா என்று கேட்கலாம். மறுமொழி கடுமையாக வரலாம்; வராமலே போகலாம். பர்னபாவும், தாம் கைப்பிடித்து அழைத்து வந்தவரோடேயே கசந்து பிரிய நேர்ந்தது. விளைவு நம் கையில் இல்லை. தாலந்து உவமையில் தலைவர் கணக்குக் கேட்டது, நாம் மண்ணைத் தோண்டினோமா, வாணிகம் செய்தோமா என்பதைப் பற்றியே.

கோவிலின் மறுபக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கின்றது. வரும் ஞாயிறு, திருப்பலி முடிந்து செருப்பை மாட்டிக்கொள்ளும் வேளையில், வாயிலில் சிறிது நின்று அவருடைய பெயரைச் சொல்லி அழைப்போம். அதற்கு அதிகத் துணிவு தேவையில்லை. அவ்வளவு துணிவை அளிக்க நம் ஆண்டவர் போதுமானவர்.